எலி தூங்குகிறதா, பெட்டி தூங்குகிறதா?

கேள்வி: வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். ஒரு பத்தியைப் படித்து, வார்த்தை தேடி யோசித்துவிட்டு மவுஸைத் தொட்டால் அம்பு நகர்வதே இல்லை. நாலு தடவை உலுக்கினால் திடீரென்று திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தாவுகிறது. அதன் பிறகு சமர்த்தாக ஓடுகிறது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடி அதே கதை. புது பேட்டரி போட்டாயிற்று. வேறொரு கம்பெனியின் வயர்லெஸ் மவுஸும் வாங்கிப் பார்த்தாயிற்று, அதுவும் அப்படியே. மூன்றாவது வாங்கும் முன் உங்களைக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.
— மொழிபெயர்ப்பாளர் வாசகி

பதில்: மூன்றாவது வாங்காதீர்கள். வேறு வேறு கம்பெனியில் பிறந்த இரண்டு மவுஸ் ஒரே மாதிரி முரண்டு பிடிக்கிறது என்றால், கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பொதுவாக இருப்பது உங்கள் கம்ப்யூட்டரும் உங்கள் மேசையும்தான்.

உங்கள் கடிதம் வந்ததுமே மூன்று விஷயம் கேட்டு எழுதியிருந்தேன். எவ்வளவு நேரம் சும்மா விட்டால் இப்படி ஆகிறது? அப்படி ஆனால், மறுபடி ஓட எவ்வளவு நேரம் பிடிக்கிறது? அந்த நேரத்தில் கீபோர்டு வேலை செய்கிறதா? இந்த மூன்றையும் யாருமே கடிதத்தில் எழுதுவதில்லை. "மவுஸ் லேட் ஆகிறது" என்று மட்டும் எழுதுவது, டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று சொல்லிவிட்டு எங்கே என்று காட்டாமல் உட்கார்ந்திருப்பது மாதிரி.

நீங்கள் பொறுமையாகப் பதில் அனுப்பியிருந்தீர்கள். நாலைந்து நிமிடம் விட்டால் வருகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள் சரியாகிவிடுகிறது. வயர் வைத்த கீபோர்டு அந்த நேரத்திலும் ஒழுங்காக அடிக்கிறது. கடைசியில், நான் கேட்காமலேயே ஒரு வரி சேர்த்திருந்தீர்கள்: "ரிசீவரைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்பக்கம், பேக்கப் ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், முன்னால் வைத்தால் முழங்கால் இடிக்கிறது." (ரிசீவர் என்பது, மவுஸ் சொல்வதை வாங்கிக்கொள்ளக் கம்ப்யூட்டரில் செருகும் குட்டித் துண்டு.) அந்த வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் தூக்கம். வயர்லெஸ் மவுஸ் தூங்கத்தான் வேண்டும். மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட் 1968-இல் மேடையில் இயக்கிக் காட்டிய மவுஸுக்கு வால் இருந்தது. மின்சாரம் வயரோடு வந்தது, தூங்க வேண்டிய அவசியம் இல்லை. வாலை அறுத்த பிறகு ஒற்றை பேட்டரியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்ட வேண்டியிருக்கிறது. அதனால் கை எடுத்ததுமே கண்ணை மூடப் பழகிவிட்டது.

இதை நீங்களே பார்க்கலாம். அடியில் சிவப்பு வெளிச்சம் வரும் பழைய ரக மவுஸ் ஏதாவது கிடைத்தால், இரவில் விளக்கை அணைத்துவிட்டு, மேசை ஓரத்தில் மவுஸின் விளிம்பு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்துக் குனிந்து பாருங்கள். நகர்த்தும்போது வெளிச்சம் பளிச்சென்று இருக்கும். அப்போது அதன் சென்சார் மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. கையை எடுங்கள். சற்று நேரத்தில் வெளிச்சம் மங்கும். இது கோழித்தூக்கம், லேசாகத் தொட்டாலே விழித்துக்கொள்ளும். இன்னும் விட்டால் மினுக்கு மினுக்கென்று துடிக்க ஆரம்பிக்கும். இன்னும் விட்டால் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இடைவெளி நன்றாகவே கண்ணுக்குத் தெரியும். பல சென்சார்களில் இந்தக் கடைசிக் கட்டத்தில் அரை நொடிக்கு ஒரு தடவைதான் கண் திறந்து பார்ப்பது. நீங்கள் நகர்த்த ஆரம்பித்தது அதற்குத் தெரியவே அரை நொடி ஆகலாம். சில மவுஸ் இதற்கும் மேலே போய் சென்சாரையே அணைத்துவிடும். அது கும்பகர்ணத் தூக்கம். உலுக்கினாலும் எழாது, பட்டனை அழுத்தினால்தான் எழும். அடியில் வெளிச்சமே தெரியாத மவுஸ் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், அதுவும் இதே படிகளில்தான் தூங்குகிறது. வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, அவ்வளவுதான்.

ஆக, அரை நொடித் தாமதம் இயல்பு. அதை யாராலும் முழுக்கப் போக்க முடியாது. கம்ப்யூட்டர் கேம் ஆடுபவர்களுக்கான சில மவுஸ்களில் மட்டும் எத்தனை நிமிடத்தில் தூங்க வேண்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் உங்களுக்கு ஆவது அரை நொடி அல்ல, இரண்டு மூன்று நொடி. மீதி எங்கிருந்து வருகிறது?

அங்கேதான் உங்கள் ஹார்ட் டிஸ்க் வருகிறது. ரிசீவர் வைத்த மவுஸ் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் குடியிருக்கும் அதே தெரு. போதாக்குறைக்கு, யுஎஸ்பி 3.0 வேகத்தில் ஓடும் ஹார்ட் டிஸ்க்கும் அதன் கேபிளும் அதே அலைவரிசையில் இரைச்சல் கக்கும். இது வெறும் வதந்தி அல்ல. இன்டெல் நிறுவனமே 2012-இல் அளந்து பார்த்து, யுஎஸ்பி 3.0-வின் இரைச்சல் பக்கத்தில் இருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் காதை அடைக்கிறது என்று அறிக்கையே வெளியிட்டது. விழித்திருக்கும் மவுஸ் இந்த இரைச்சலுக்கு நடுவிலும் எப்படியோ சமாளித்துவிடும். ஆழ்ந்து தூங்கி எழுந்த மவுஸ் ரிசீவரை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கூப்பிடுகிறது, பதில் இல்லை, மறுபடி கூப்பிடுகிறது. ரிசீவரோ தகரப் பெட்டிக்குப் பின்னால், இரைச்சல் போடும் டிஸ்க்குக்குத் தோளோடு தோளாக உட்கார்ந்திருக்கிறது. தூக்கத்தின் அரை நொடியோடு இந்தத் தேடலும் சேர்ந்துகொள்கிறது.

இதை நான் அனுபவித்தே கற்றேன். சில வருடங்களுக்கு முன் என் மேசையிலும் மவுஸ் இப்படித்தான் சண்டித்தனம் செய்தது. பேட்டரி மாற்றினேன். மவுஸ்பேட் மாற்றினேன். அடியில் இருக்கும் லென்ஸைப் பல்குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றித் துடைத்தேன், ஒரு முடி வந்தது, "பிடித்துவிட்டேன்" என்று வீட்டில் எல்லாரிடமும் காட்டினேன். மறுநாள் மாலை மறுபடி அதே கதை. தமிழில் இதற்குச் சுட்டி என்று பெயர். சொல்பேச்சு கேட்காத பிள்ளையையும் சுட்டி என்றுதான் சொல்கிறோம், பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவிதான் ஒரு நாள், தலையைக் கூட நிமிர்த்தாமல் சொன்னார்: "நீங்க பேக்கப் போடும்போது மட்டும்தானே இப்படித் திட்டுறீங்க." டிஸ்க்கைப் பிடுங்கினேன். அம்பு வெண்ணெயில் போவது மாதிரி போனது. செருகினேன், நொண்டியது. மூன்று தடவை பிடுங்கிச் செருகிப் பார்த்துவிட்டு, அவரிடம் ஒன்றும் சொல்லாமல் எக்ஸ்டென்ஷன் கேபிள் தேடப் போனேன்.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். அரை மீட்டர், ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரண யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று போதும். ஒரு நுனியைப் பெட்டியின் பின்னால் செருகி, மறு நுனியில் ரிசீவரை மாட்டி, அதை மானிட்டரின் காலடியில், மவுஸின் கண்ணில் படும்படி வையுங்கள். முழங்காலும் இடிக்காது. ரிசீவருக்கு வேகமான போர்ட் தேவையே இல்லை. உள்ளே நீலநிற பிளாஸ்டிக் இருப்பது பெரும்பாலும் யுஎஸ்பி 3, அதை டிஸ்க்குக்கு விட்டுவிட்டு, கறுப்பு நிறப் போர்ட்டை ரிசீவருக்குக் கொடுங்கள். முக்கியம் நிறம் அல்ல, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்.

கேபிள் வாங்கும் முன்னாலேயே சோதித்துக்கொள்ளலாம். டிஸ்க்கை முறைப்படி வெளியேற்றிவிட்டு, ஐந்து நிமிடம் மவுஸைத் தொடாமல் இருந்து, பிறகு தொட்டு எண்ணிப் பாருங்கள். தாமதம் குறைந்தால் விஷயம் முடிந்தது. குறையவில்லை என்றால் அடுத்த சந்தேகம் கம்ப்யூட்டரின் மேல். விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்க, பயன்பாட்டில் இல்லாத யுஎஸ்பி சாதனத்தை உறங்க வைக்கும். மறுபடி எழுப்புவதற்கு முறைப்படி ஆகும் நேரம் கண் இமைப்பதை விடக் குறைவு. ஆனால் சில ரிசீவர்கள் எழுந்திருக்கச் சோம்பல்பட்டு முதல் அசைவுகளை விழுங்கிவிடும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, யுஎஸ்பி கன்ட்ரோலர்கள் என்ற பகுதியில் 'யுஎஸ்பி ரூட் ஹப்' என்று இருப்பதை இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். 'பவர் மேனேஜ்மென்ட்' என்ற தாவலில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கக் கம்ப்யூட்டருக்கு அனுமதி கொடு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அதன் பக்கத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பழைய கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்று ஒன்று இருந்தால் அதையும் டிஸேபிள் செய்யலாம்; சில புது லேப்டாப்களில் அது கண்ணிலேயே படாது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பீர்கள்.

(இந்தப் பக்கம் தயாராகிக்கொண்டிருந்தபோது வாசகியிடமிருந்து இரண்டு வரி வந்தது. கேபிள் போட்ட பிறகு "ஒன்று" என்று சொல்லி முடிப்பதற்குள் அம்பு நகர்ந்துவிடுகிறதாம். அந்த "ஒன்று" மவுஸுடைய சொந்தத் தூக்கம், அது இருக்கட்டும்.)

கேள்வி: லினக்ஸ் லேப்டாப். பேட்டரி கொஞ்சம் நீடிக்கட்டும் என்று பவர்டாப் என்ற மின்சாரம் மிச்சம் பிடிக்கும் கருவியைத் திறந்து, 'பேட்' என்று இருந்த எல்லாவற்றையும் 'குட்' ஆக்கினேன். அதிலிருந்து மவுஸை இரண்டு நொடி விட்டாலே செத்துவிடுகிறது. கிளிக் செய்தால்தான் உயிர் வருகிறது.
— கல்லூரி மாணவர்

பதில்: இரண்டு நொடி என்று எழுதினீர்களே, அதுவே வாக்குமூலம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் யுஎஸ்பி ஆட்டோசஸ்பெண்டுக்கு, அதாவது சும்மா இருக்கும் சாதனத்தைத் தானாக உறங்க வைக்கும் வசதிக்கு, வைத்திருக்கும் வழக்கமான காத்திருப்பு நேரம் 2 நொடி. கெர்னல் அந்த வசதியை மவுஸுக்குத் தானாக இயக்குவதில்லை. நீங்கள் 'குட்' ஆக்கியதும் இயங்கிவிட்டது. பவர்டாப் 'பேட்' என்று சொல்வது மின்சாரக் கணக்கில் மட்டும். உங்கள் வசதியை அது கேட்கவே இல்லை.

மறுபடி பவர்டாப்பில் 'ட்யூனபிள்ஸ்' தாவலுக்குப் போய், பட்டியலில் மவுஸ் ரிசீவர் இருக்கும் வரியில் என்டர் தட்டி 'பேட்' ஆக்குங்கள். மற்றவை 'குட்' ஆகவே இருக்கட்டும். கையால் செய்த இந்த மாற்றங்கள் ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். ரீஸ்டார்ட் செய்த பிறகும் மவுஸ் தூங்கினால், 'ஆட்டோ ட்யூன்' கட்டளையைக் கணினி தொடங்கும்போதே ஓடும்படி எங்கோ எழுதி வைத்திருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் ஓடும்படி, ரிசீவரின் பவர் கன்ட்ரோலை 'ஆட்டோ'விலிருந்து 'ஆன்' ஆக்கும் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். எப்போதும் விழித்திருக்கும் ஒரு ரிசீவரால் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்தான். வாங்கிய மவுஸ் வேலை செய்ய வேண்டாமா?

கேள்வி: என்னுடையது ப்ளூடூத் மவுஸ், ரிசீவரே கிடையாது. பத்து நிமிடம் கழித்துத் தொட்டால் மூன்று நொடி வரை அம்பு அசையாது. இதற்கும் எக்ஸ்டென்ஷன் கேபிள் மாதிரி ஏதாவது வழி உண்டா?
— கணக்காளர் ஒருவர்

பதில்: இல்லை. ஆன்டெனா லேப்டாப்புக்கு உள்ளேயே இருக்கிறது, அதை எங்கே இழுப்பது. உங்களுக்கு நடப்பதும் வேறு. ப்ளூடூத் மவுஸ் நீண்ட நேரம் சும்மா இருந்தால் தூங்குவதோடு நிற்பதில்லை, லேப்டாப்போடு இருந்த இணைப்பையே துண்டித்துவிடும். தொட்டதும் அறிமுகப்படுத்திக்கொண்டு மறுபடி இணைய வேண்டும். ஓரிரு நொடி அதற்கே போகும்.

அதைக் குறைக்க இரண்டு வழி. டிவைஸ் மேனேஜரில் ப்ளூடூத் அடாப்டருக்கும் மேலே சொன்ன அந்த 'பவர் மேனேஜ்மென்ட்' டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அடுத்து, லேப்டாப்பின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே சிப்பில் இருப்பவை, வைஃபை 2.4-இல் பெரிய ஃபைல் இறக்கிக்கொண்டிருந்தால் மவுஸ் தன் முறை வரக் காத்துக்கிடக்கும். இரண்டும் செய்த பிறகும் எரிச்சலாக இருந்தால், உங்கள் மவுஸை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடிக்குள்ளே ஒரு குட்டி ரிசீவர் ஒளிந்திருக்கலாம். இரண்டு வழியிலும் வேலை செய்யும் மவுஸ்கள் உண்டு. இருந்தால் ப்ளூடூத்தை விட்டு அதற்கு மாறுங்கள். நானாக இருந்தால் மேசையில் ரிசீவர், பயணத்தில் மட்டும் ப்ளூடூத் என்று வைத்துக்கொள்வேன்.

கேள்வி: அரை மணி நேரம் கழித்து வந்தால் மவுஸ் நகரும், ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் திறக்காது. கீபோர்டும் மௌனம். உள்ளே 'குர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டு, அடங்கிய பிறகு எல்லாம் ஒரேயடியாகத் திறக்கிறது. மவுஸை மாற்றலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: பழி ஓரிடம், பாவம் ஓரிடம், ஐயா. மவுஸ் உங்கள் சொல்லை அப்போதே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. தூங்கியது உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க். நின்றுபோன தட்டு முழு வேகத்துக்குச் சுழன்று வரும் சத்தம்தான் அந்த 'குர்ர்ர்'. விண்டோஸில், மின் இணைப்பில் இருக்கும்போது 20 நிமிடம் சும்மா இருந்தால் டிஸ்க்கை நிறுத்து என்று வழக்கமாக இருக்கும். பவர் ஆப்ஷன்ஸில் ஹார்ட் டிஸ்க் என்ற இடத்தில் அந்த 20-ஐ 0 ஆக்கிவிடுங்கள், நிறுத்தவே மாட்டேன் என்று அர்த்தம்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் சத்தம் எனக்கு எவ்வளவு உதவியது தெரியுமா? இது மாதிரி எழுதுங்கள், எல்லாரும்.

கேள்வி: ரீசார்ஜ் செய்யும் பேட்டரி போட்டதிலிருந்து மவுஸ் தூங்கி எழுந்ததும் ஒரு தடவை செத்துப் பிழைக்கிறது. பேட்டரி பாதி இருக்கிறது என்றே காட்டுகிறது.

பதில்: சாதாரண அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட், ரீசார்ஜ் செய்வது 1.2. பல மவுஸ்களில் அளவு காட்டும் கணக்கு அல்கலைனை வைத்துப் போட்டது, அதனால் 'பாதி' என்பதை நம்பாதீர்கள். விழிக்கும் நொடியில் சென்சாரும் ரேடியோவும் ஒருசேரக் கரண்ட் இழுக்கும். வயசான பேட்டரி அந்த நொடியில்தான் தடுக்கி விழும். புதிதாகச் சார்ஜ் செய்த இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள். அதற்கு முன் பேட்டரி உட்காரும் இடத்தில் உள்ள ஸ்பிரிங்கைப் பென்சில் ரப்பரால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். மங்கலாக, பூசணம் பூத்தது மாதிரி இருந்தால் பாதிக் குற்றவாளி அதுதான்.

கேள்வி: ராத்திரி மவுஸின் அடியில் உள்ள ஸ்விட்சை ஆஃப் செய்ய வேண்டுமா?

பதில்: மேசையிலேயே இருந்தால் வேண்டாம், அதுவே தூங்கிக்கொள்ளும். பையில் போட்டு எடுத்துப் போவதாக இருந்தால் கட்டாயம் ஆஃப் செய்யுங்கள். குலுங்கக் குலுங்க அது விழித்துக்கொண்டே வரும்.